வடசேரி நகைக்கு எந்த வெளிச்சம்?

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையைச் சென்னையிலும் டொராண்டோவிலும் இருந்து கேட்கிறார்கள். அரங்கேற்றத்துக்குத் தலைசாமான் தேடும் அம்மாவால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. படத்தை நம்பித்தான் பணம் அனுப்ப வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற நகைதான், ஆனாலும் படம் மங்கிப்போனால் 200 ரூபாய் கவரிங்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

முதலில் வெளிச்சம். பலரும் சிபாரிசு செய்வது லைட் பாக்ஸ். ஒரே அளவு ஜிமிக்கிகளை வரிசையாக எடுத்துத் தள்ளுபவருக்கு அது வசதிதான். கெம்புக்கு ஆகாது என்பேன். அடி மூடிப் பதித்த கல் அது. ஒரு பக்கமிருந்து விழும் ஒளி உள்ளே போய்த் திரும்பி வந்தால்தான் சிவப்பு எரியும். நாலாபுறமும் சமமாக வெளிச்சம் பாய்ந்தால் கல் பிளாஸ்டிக் பொட்டாகிவிடும்.

உச்சி வெயில் அதற்கு நேரெதிர்: முலாம் முழுக்க வெள்ளைத் திட்டு, அடியில் கரிய நிழல். போன் ஃபிளாஷும் அதே ரகம்.

என் ஓட்டு வீட்டு முகப்பிலுள்ள படிப்புரைக்கு. வெயில் நேரே விழாத இடத்தில் நகையை வைத்து, வெளிச்சம் வராத பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். கல் விழிக்கும்வரை நகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் போனுக்கு நிறம் பிடிபடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மேகம் மூடிய நாளை வீணாக்காதீர்கள், வானமே பெரிய விளக்காக இருக்கும்.

அடுத்து பின்னணி. அமேசானில் விற்பவருக்குத் தேர்வே இல்லை: முதல் படம் சுத்த வெள்ளையில், பொருள் சட்டத்தின் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குக் கறுப்போ அடர்சாம்பலோ போதும். நகைப்பெட்டியின் சிவப்பு வெல்வெட் மட்டும் வேண்டாம். கல்லும் துணியும் ஒன்றாகிவிடும், பொன்னிலும் சிவப்பு ஏறும். எடுப்பவரின் சட்டைகூடப் பொன்னில் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா வாங்கவா? இப்போதைக்கு போனே போதும். நகையருகே முட்டிக்கொண்டு போகாமல் கொஞ்சம் விலகி 2 மடங்கு ஜூமில் எடுங்கள்; கிட்டப் போனால் ராக்கொடியின் வட்டம் கோணிவிடும். கல்லின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள், கல்லுக்குக் கல் விளிம்பு பிரிந்து தெரியும்வரை. வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பினால் படம் நசுங்காது.

ஒட்டியாணத்தையும் வங்கியையும் போட்டுக் காட்டினால்தான் அளவு புரியும். மூக்குத்தியை ஸ்கேல் பக்கத்தில் வைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் பின்பக்கப் படம் ஒன்று கட்டாயம்: திருகு, பற்றவைப்பு, கொக்கி எல்லாம் தெரியும்படி. பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரிந்த நாட்டிய ஆசிரியை முதலில் கேட்பதும் அதைத்தான்.