மாட்டுங்கா முதல் தாராவி வரை: ஓர் உணவு நடை

நுழையும் முன்

ஒரு நகரின் வரலாற்றைக் கோட்டைகளும் கல்வெட்டுகளும் கூறும். அந்நகர மக்கள் நாள்தோறும் உண்ணும் உணவும் கூறும். மும்பைக்குத் தமிழர் எப்போது வந்தனர், ஏன் வந்தனர், எவ்வாறு உழைத்தனர் என்பதை இரண்டு பகுதிகளின் உணவு வழியே இப்பாடம் விளக்குகிறது.

உணவு நடை

பழைமை வாய்ந்த நகரங்களில் ‘உணவு நடை’ என்னும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஊரை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் சிறு குழுவினரை அழைத்துக்கொண்டு பழைய தெருக்களில் நடப்பார். குழுவினர் கடைதோறும் நின்று சிறிதளவு உண்பர். அக்கடை அவ்விடத்தில் ஏன் தோன்றியது, அதைத் தொடங்கியவர் எந்த ஊரினர், முதன்முதலில் அங்கு உண்டவர் யாவர் என்பவற்றை வழிகாட்டி எடுத்துரைப்பார். மும்பையில் இத்தகைய நடைக்குப் பெயர்பெற்ற பகுதிகளுள் ஒன்று மாட்டுங்கா.

பாண்டுப்பில் வாழும் மாணவர்க்கு அவ்விடம் தொலைவன்று. மத்திய இரயில்வேயின் மெதுவண்டியில் ஏறினால் காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிகார், குர்லா, சயான் ஆகிய நிலையங்களைக் கடந்து, ஏழாவதாக மாட்டுங்கா வரும். இந்த இருப்புப்பாதைக்கும் பாண்டுப்புக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கிளார்க், 1843இல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் பம்பாயைத் தானேயுடன் இருப்புப்பாதையால் இணைக்கலாம் என்று எண்ணினார் என இரயில்வே வரலாறு கூறுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, போரி பந்தரிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணியர் இரயில் ஓடியது. பின்னாளில் தெற்கேயிருந்து தமிழரை இந்நகருக்குக் கொண்டுவந்ததும் இருப்புப்பாதையே.

மாட்டுங்கா நிலையத்தில் இறங்குவோர் ஒரு சிறப்பைக் காணலாம். 2017இல், இந்தியாவிலேயே முழுவதும் பெண் ஊழியர்களால் இயக்கப்படும் முதல் புறநகர் நிலையமாக இது மாறியது.

எழுத்தர்கள் வாழ்ந்த இடம்

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவி ஏராளமானோர் உயிரிழந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகள் நோயை வளர்த்தன என்று அரசு கருதியது. ஆகவே 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புதிய குடியிருப்புப் பகுதியாக அவ்வமைப்பு தாதர், மாட்டுங்கா ஆகிய இடங்களைத் திட்டமிட்டது. கிங்ஸ் சர்க்கிள் என்னும் வட்டப் பூங்காவும் ஐந்து தோட்டங்கள் எனப்படும் பூங்காக்களும் அத்திட்டத்தின் அடையாளங்கள்.

இப்புதிய பகுதியில் தென்னாட்டவர் பலர் குடியேறினர். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் அலுவலக வேலை தேடி வந்தனர். தங்கள் பிள்ளைகளின் கல்விக்கெனத் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை 1932இல் மாட்டுங்காவில் தோற்றுவித்தனர். இசைக்கென 1952இல் சண்முகானந்த சபை உருவாயிற்று. அதன் பெரிய அரங்கு 1963இல் திறக்கப்பட்டது.

தனியாக வந்த இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கினர். அங்குச் சமைக்க வசதி இல்லை. மாதப் பணம் செலுத்தி இருவேளையும் உண்ணும் உணவு விடுதிகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. மாட்டுங்காவின் புகழ்பெற்ற உணவகங்கள் இத்தேவையிலிருந்தே பிறந்தன. பாலக்காட்டுச் சமையலுக்குப் பெயர்பெற்ற மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் தொடங்கப்பட்டது. கஃபே மெட்ராஸ் 1940இல் தோன்றியது. நிலையத்தின் அருகிலுள்ள ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் தோன்றியது. அங்கு இன்றும் வாழையிலையில் சாப்பாடு பரிமாறப்படுகிறது.

பெயரும் உண்மையும்

இங்கு ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும். கஃபே மெட்ராஸ் என்பது சென்னையின் பெயரைத் தாங்கியது. ஆனால் அதைத் தொடங்கிய கோபால் காமத் தமிழர் அல்லர். உடுப்பிச் சமையல் மரபினர். ராம நாயக்கும் சிறு வயதிலேயே கர்நாடகத்தின் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்து, சமையலறைகளில் வேலை செய்து உயர்ந்தவர். சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் துளுவும் கொங்கணியும் கன்னடமும் பேசினர். உண்டவர்களுள் பலர் தமிழும் மலையாளமும் பேசினர். நான்கைந்து மொழியினர் சேர்ந்து உருவாக்கிய இவ்வுணவையும் இம்மக்களையும் நகரத்தார் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் அடக்கினர்.

நாவு இவ்வேறுபாட்டை அறியும். உடுப்பிச் சாம்பாரில் சிறிது வெல்லம் சேர்வதால் இனிப்பு தெரியும். தமிழ்நாட்டு வீடுகளின் சாம்பாரில் புளிப்பும் காரமும் முந்தி நிற்கும். ‘மைசூர் மசாலா’ என்னும் பெயரில் மும்பையில் விற்கும் தோசையோ, காரச் சட்டினி தடவி இந்நகரத்தின் சுவைக்கேற்ப மாறியது.

இவ்வுணவகங்களுக்குத் துன்பக் காலமும் இருந்தது. 1960களின் பிற்பகுதியில், வேலைவாய்ப்புகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொள்கின்றனர் என்ற எதிர்ப்பு நகரில் வலுத்தது. உடுப்பி உணவகங்கள் பல தாக்குதலுக்கு உள்ளாயின. ஆயினும் அவை மூடப்பட்டு மறையவில்லை. இன்று ஞாயிறு காலைகளில் மராத்தியரும் குசராத்தியரும் தமிழரும் அவற்றின் வாயிலில் ஒரே வரிசையில் காத்து நிற்கின்றனர்.

உணவகங்களைக் கடந்து கடைத்தெருவில் நடந்தால் மல்லிகைச் சரமும் வாழையிலைக் கட்டும் தெரியும். முருங்கைக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு, சின்ன வெங்காயம் ஆகியவை குவிந்திருக்கும். வறுத்து அரைக்கும் காப்பிக்கொட்டையின் மணம் வரும். பெரும்பாலான உணவு நடைகள் இங்கே, ஒரு டபரா காப்பியுடன் நிறைவுறும்.

ஆனால் மும்பைத் தமிழரின் உணவு வரலாறு இங்கே நிறைவுறுவதில்லை. அதன் மறுபாதியை அறிய, ஒரு நிலையம் திரும்பிச் சென்று சயானில் இறங்கி, மேற்குப் புறமாகத் தாராவிக்கு நடக்க வேண்டும்.

தோல் பதனிட்டோரின் ஊர்

தாராவி முதலில் மீனவர்களாகிய கோலியர் வாழ்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழர்கள் இங்கு வந்தனர், தோல் பதனிடும் கூடங்களை அமைத்தனர், அவற்றில் உழைத்தனர். அவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் மிகுதி. நாற்றமும் நோயும் மிக்க அத்தொழிலை நகரம் தன் எல்லைக்கு வெளியே, சதுப்பு நிலத்தில் வைத்தது. சொந்த ஊரில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள், பிழைக்க வந்த ஊரிலும் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர். பதனிடும் கூடங்களுள் பெரும்பாலானவை பின்னர் அகன்றுவிட்டன. தோற்பொருள் செய்யும் தொழிலும் தமிழர் குடியிருப்புகளும் இன்றும் உள்ளன.

மாட்டுங்காவின் எழுத்தரும் தாராவியின் தொழிலாளியும் ஒரே மொழி பேசினர். அவர்களின் இருப்பிடங்களுக்கு இடையே இருந்தது சிறு தொலைவே. ஆயினும் ஒருவரது வரலாறு உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் எழுதப்பட்டது; மற்றவரது வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை.

இட்டலியின் இரவு

மும்பையின் பல தெருக்களில் காலை வேளையில் ‘பாம் பாம்’ என்னும் ஒலிப்பான் ஓசை கேட்கும். அலுமினியப் பாத்திரத்தில் இட்டலியும் வடையும், வாளியில் சட்டினியும் சாம்பாரும் வைத்துக்கொண்டு மிதிவண்டியில் இட்டலிக்காரர் வருவார். இவ்வணிகர்களுள் மிகப் பலர் தாராவியிலிருந்தே புறப்படுகின்றனர்.

அவர்களின் வேலை முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. பகலில் அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. மாலையில் கிரைண்டரில் அரைத்து, உப்பிட்டுக் கலந்து வைக்கின்றனர். இரவில் மாவிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பையும் காற்றுக் குமிழிகளையும் உண்டாக்குகின்றன. அக்குமிழிகளே இட்டலியை மென்மையாக்குகின்றன. வெயில் காலத்தில் மாவு விரைந்து பொங்கும்; குளிர்காலத்தில் தாமதமாகும். கடிகாரத்தைவிட மாவைப் பார்த்தே அவர்கள் நேரம் அறிகின்றனர். நகரம் உறங்கும் வேளையில் தட்டுத் தட்டாக அவித்து எடுக்கின்றனர். ஒரு சிறிய வீடே சமையற்கூடமாகவும் கிடங்காகவும் உறங்குமிடமாகவும் விளங்குகிறது. அரைத்தல், நறுக்குதல், பாத்திரம் துலக்குதல் முதலிய வேலைகளில் குடும்பத்துப் பெண்களின் பங்கு பெரிது. எனினும் தெருவில் தெரிவது விற்பவரின் முகம் மட்டுமே.

தாராவியின் பிற தெருக்களிலும் உணவுத் தொழில் நடைபெறுகிறது. முறுக்கும் அதிரசமும் செய்யும் வீடுகள் உண்டு. கவிழ்த்த கூடைகளின்மேல் அப்பளம் உலர்கிறது. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் பானை வனைகின்றனர். தைத்திங்களில் தமிழ்ப் பெண்கள் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுகின்றனர்.

எவ்வாறு நடப்பது?

மாட்டுங்காவில் விருந்தினர் மேசையில் அமர்ந்து உண்கிறார். தாராவியில் அவர் பிறர் வீட்டு வாயில்களுக்கு இடையே நடக்கிறார். ஆகவே பார்க்கும் முறையும் மாற வேண்டும். இங்கு நடைப் பயணம் நடத்தும் நிறுவனம் ஒன்று, குழுவினர் நிழற்படம் எடுப்பதை அனுமதிப்பதில்லை. உழைக்கும் மனிதர் காட்சிப்பொருள் ஆகிவிடக் கூடாது என்பதே அதன் காரணம். வேலைக்கு இடையூறின்றி ஒதுங்கி நிற்பதும், கேட்டறிந்து பேசுவதும், உண்டதற்கு உரிய விலையைப் பேரமின்றிக் கொடுப்பதும் அங்கு நடப்போரின் கடமைகள்.

இவ்வொழுக்கம் மாணவர்க்கும் பொருந்தும். தந்தை இட்டலி விற்பவர் என்று வகுப்பில் கூறத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. அதே பிள்ளைகளின் நண்பர்கள் விடுமுறை நாளில் உணவகத்தின் முன் ஒரு மணி நேரம் காத்து நின்று இட்டலி உண்பர். அரிசி, உளுந்து, நீர், ஆவி ஆகியவை இரண்டிற்கும் பொது. ஒன்றுக்குப் பெருமையும் மற்றொன்றுக்குக் கூச்சமும் தருவது உணவு அன்று. அதைச் சமைப்பவரையும் அவர் வாழும் இடத்தையும் பற்றிய எண்ணமே.

தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு வருகிறது. அடுக்குமாடி வீடுகள் தூய நீரையும் கழிப்பறையையும் தரும் என்பது ஒரு பக்கம். நள்ளிரவில் இட்டலி அவிக்கவும் மிதிவண்டி நிறுத்தவும் அங்கு இடம் கிடைக்குமா என்பது மறுபக்கம். வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக உள்ள குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. மும்பையின் காலை உணவும் அதன் விடையைச் சார்ந்துள்ளது.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரயில் தண்டவாளப் பாதை
எழுத்தர் – அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவர்; கிளார்க்
பதனிடுதல் – தோல் கெடாதவாறு பக்குவப்படுத்துதல்
சதுப்பு நிலம் – நீர் தேங்கிய சேற்று நிலம்
துலக்குதல் – தேய்த்துக் கழுவுதல்
டபரா – காப்பி ஆற்றிக் குடிக்க உதவும் வாய் அகன்ற கிண்ணம்

விடை எழுதுக

1. மாட்டுங்காவில் உணவு விடுதிகள் தோன்றியதற்குக் காரணம் யாது?
2. ‘மதராசி’ என்ற சொல் ஏன் பொருத்தமற்றது? பாடத்திலிருந்து சான்று தருக.
3. மாட்டுங்கா, தாராவி ஆகிய இரு பகுதிகளின் தமிழர் வரலாற்றை ஒப்பிட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.
4. இட்டலி மாவு பொங்குவது எவ்வாறு?

மொழிப் பயிற்சி

பின்வரும் தொழில்களைச் செய்பவரை ஒரே சொல்லால் குறிப்பிடுக.
மீன் பிடிப்பவர், பானை வனைபவர், இட்டலி விற்பவர், வழி காட்டுபவர்.

செயல்பாடு

வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் பின்வரும் வினாக்களைத் தமிழில் கேட்டு, அவர் கூறும் சொற்களிலேயே எழுதி வருக: மும்பைக்கு வந்த முதல் நாளில் எங்கே உண்டீர்கள்? அதைச் சமைத்தவர் யார்? அவருடைய ஊர் எது?