வளவும் விருந்தும்

நுழையும்முன்

பூட்டிய வீடு மெல்ல அழியும். விருந்தினருக்குத் திறந்த வீடு இயல்பு மாறும். செட்டிநாட்டுப் பெருவீடுகள் சில இன்று மரபுசார் சொகுசு விடுதிகளாகியுள்ளன. இம்மாற்றத்தால் காக்கப்படுவது எது, இழக்கப்படுவது எது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கடல் கடந்த பொருள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அமைந்த 70-க்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதியே செட்டிநாடு. இவ்வூர்களின் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வணிகமும் வட்டித்தொழிலும் செய்தனர். ஈட்டிய பொருளைக்கொண்டு 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சொந்த ஊர்களில் பெருவீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியப் பளிங்கு தரையாயிற்று. பெல்ஜியக் கண்ணாடி சுவருக்கு அணியாயிற்று.

வீட்டின் அமைப்பு

பெருவீடுகள் பல முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவரை நீள்வன. திண்ணையுடன் கூடிய முகப்பு, வந்தவரை வரவேற்கவும் வணிகம் பேசவும் உரிய இடம். அடுத்துள்ள வளவு, திறந்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தூண்வரிசையும் உடையது. மணவிழா முதலிய சடங்குகள் அங்கு நிகழும். வளவின் இருமருங்கும் மணமான ஆண்மக்களின் குடும்பங்களுக்குரிய அறைகள் இருக்கும். இரண்டாம் கட்டில் பந்தி நடைபெறும். அதற்கும் பின்னே அடுக்களை அமையும்.

இவ்வமைப்பு அழகுக்காக மட்டும் தோன்றியதன்று. முற்றம் காற்றையும் ஒளியையும் தந்தது. கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்தது. சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் கடுக்காயும் கலந்து பூசிய சுவர்கள் வழவழப்பாக மின்னின. கோடையில் குளிர்ச்சி தந்தன. வறண்ட நிலத்தின் வெப்பத்திற்கு முன்னோர் கண்ட விடை அவ்வீடு.

பூட்டிய கதவுகள்

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த வணிகம் சிதைந்தது. பின்னர்க் குடும்பங்கள் பிழைப்பும் கல்வியும் கருதிப் பெருநகரங்களில் குடியேறின. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலராயினர். பழுதுபார்க்கும் செலவோ பெருகியது. வீடுகள் சில இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைபோயின. வீட்டை வாங்கியவர் இலர். வீட்டின் உறுப்புகளை வாங்கியவர் பலர்.

விடுதியான வீடு

இந்நிலையில் சில வீடுகளுக்கு மறுவாழ்வு கிட்டியது. தந்தையொருவர் தம் மகளுக்காகக் கட்டிய கானாடுகாத்தான் ‘விசாலம்’, கடியாபட்டியின் ‘சிதம்பர விலாஸ்’ ஆகியன இன்று விடுதிகளாக இயங்குகின்றன. பழைய வீட்டைச் செப்பனிடப் பழைய தொழிலறிந்த கைகள் வேண்டும். எனவே சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தனாருக்கும் மரவேலைத் தச்சருக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடிப் பலகையின்மீது வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமலேயே உருவாக்கப்படும் ஆத்தங்குடித் தரைக்கற்களுக்குத் தேவை கூடியது. வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசி இனிப்பும் விருந்தினர் இலையில் இடம்பெற்றன.

காப்பதும் காட்டுவதும்

எனினும், சுவரைக் காப்பது மட்டுமே மரபைக் காப்பதாகாது. உறவினர் கூடிய வளவில் இன்று அறிமுகமில்லாதார் அமர்கின்றனர். சடங்கு, சுற்றுலாப் பயணிக்கான காட்சியாகச் சுருங்கிவிடும் இடர் இங்குண்டு. மழைநீரை ஊருணியில் தேக்கி வாழ்ந்த மண்ணில், நீச்சல்குளத்திற்கு எவ்வளவு நீர் செலவிடலாம் என்ற வினாவும் எழுகிறது. விடுதியின் வருவாயில் அவ்வூர்ச் சமையலருக்கும் நெசவாளருக்கும் கூடை முடைவோருக்கும் உரிய பங்கு சேர்கிறதா என்பதே முதன்மையான உரைகல்.

பூட்டிய வீட்டைவிடத் திறந்த வீடு மேலானது. ஆயினும், திறந்த கதவின் வழியே விருந்தினர் மட்டுமன்றி, அவ்வூர் மக்களின் வாழ்வும் உள்ளே வருதல் வேண்டும். அப்போதுதான் அது பண்பாட்டின் இல்லமாக நிலைக்கும்.

தெரியுமா?

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழமையான வீடொன்றின் அமைப்பை முதியோரிடம் கேட்டறிந்து, அதன் பகுதிகளின் பெயர்களைத் தொகுக்க.
2. ‘மரபு வீடுகளை விடுதிகளாக்குதல் நன்றே / தீதே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.