முகம் தெரியாத வகுப்புத் தோழர்கள்

கேள்வி: சென்னை ஐஐடியின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் இணையப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். திரையில் பெயர்கள் மட்டுமே தெரிகின்றன. உடன் படிப்பவர்களோடு எப்படிப் பழகுவது?
– வாசகி, தேனி

பதில்: 2020-இல் தொடங்கிய அந்தப் படிப்பில் பாடம்தான் இணையத்தில், முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. தேர்வு முடிந்ததும் பேருந்துக்கு ஓடாதீர்கள். வாசலில் நின்று, “கடைசிக் கணக்குக்கு உங்களுக்கு என்ன வந்தது?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஊர், பேர் எல்லாம் தானாக வரும்.

மாணவர்களை நீலகிரி, பிச்சாவரம், வயநாடு என்று காடுகளின் பெயர் கொண்ட இல்லங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் இல்லக் குழுவில் வெறுமனே ‘ஹாய்’ போட்டால் யாரும் கவனிப்பதில்லை. புரியாத ஒரு பைத்தான் வரியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், விளக்க ஆள் வரும். அவரோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து, வாரம் ஒரு இரவு அரை மணி நேரம் பாடத்தைப் பேசுங்கள். கூட்டம் பெருத்தால் பேச்சு கலைந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைய. பதில் தாமதமானால் மனம் வாட வேண்டாம். செல்பேசி எண்ணை மட்டும் நன்கு பழகிய பிறகு கொடுங்கள். ஐஐடி வளாகத்தில் நடக்கும் பாரடாக்ஸ் மாணவர் விழாவுக்கு அந்தக் குழுவோடு சேர்ந்தே டிக்கெட் போட்டுவிடுங்கள்.