முட்டுக்கட்டை போடுபவர் யார்?

"வேலைக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். ஆனால் தேர் ஓடும் இடத்தில் முட்டுக்கட்டை போடுபவருக்குத்தான் முதல் மரியாதை கொடுக்கணும் என்பது என் கட்சி.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பேர். ஸ்டீரிங் கிடையாது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. ஏன்னா, பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. கட்டையைச் சற்றுச் சாய்வாக வைத்தால்தான் தேர் திசை மாறும். எவ்வளவு சாய்வு, எந்த நொடியில் என்பது சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பவருக்குத்தான் தெரியும். முன்னால் வடம் பிடிப்பவர் கண்ணுக்குச் சக்கரமே தெரியாது.

இப்போ நம்ம ஜொகூருக்கு வருவோம். கேலாங் பாத்தா பக்கம் இருக்கும் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம், உலக வங்கியின் 2023 கொள்கலன் துறைமுகச் செயல்திறன் பட்டியலில் 5ஆவது இடம். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலர் நினைக்கிறோம். பாரந்தூக்கி வேலையில் உலகம் முழுக்க ஒரு பழைய விதி உண்டு: தூக்கு, இறக்கு என்று சைகை காட்ட ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் இயக்குபவர் நிறுத்தியே ஆகணும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருந்தாலும் சரி.

எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் விதி இதுதான். ஓட்டுவதற்கு ஒரே குரல். நிறுத்துவதற்கு எல்லாக் குரலும்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம். இந்தக் குளிரில் ரப்பர் வளையம் தாங்காது, ஏவ வேண்டாம் என்று முதல்நாள் இரவே பொறியாளர்கள் சொன்னார்கள். மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். 73 நொடியில் விண்கலம் சிதறியது, 7 உயிர் போனது.

யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்னா வேலை நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டொயோட்டா தொழிற்சாலையில் தொழிலாளி கயிற்றை இழுத்தால் முதலில் குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால்தான் வரிசை நிற்கும். கார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நம் ரத ஊர்வலமும் இப்படிப்பட்ட ஒன்றுதான்: இழுக்கும் வண்டி, ஜெனரேட்டர், விளக்கு, மேலே மின்கம்பி, சுற்றிலும் குழந்தைகள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். பக்தியில் அங்கே என்ன குறை?

அடுத்த தைப்பூசக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்: ரதத்தின் பின்னால் நடக்கும் 15 வயதுத் தொண்டர் விசில் ஊதினால் ஓட்டுநர் உடனே நிறுத்துவாரா, இல்லை தலைவர் முகத்தைப் பார்ப்பாரா? ஒத்திகையில் யாரிடமும் சொல்லாமல் ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். எத்தனை அடி தள்ளி ரதம் நின்றது என்று அளந்து எழுதி வையுங்கள்.