இஸ்லாத்தில் புகுவோர் அறிய வேண்டுவன

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களுள் எவரேனும், நெடுநாள் உள்ளத்தில் வளர்ந்து முதிர்ந்த தீர்மானத்தின் பேரில் இஸ்லாத்தைத் தழுவ விழைவாராயின், அவர் முதற்கண் அறிய வேண்டுவது, அச்சமயத்தில் புகுவதற்குப் புரோகிதரும் தேவையில்லை, தீட்சையும் தேவையில்லை, கட்டணமும் இல்லை என்பதாகும். மனம் உறுதிப்பட்டு நாவால் சாட்சி மொழிந்தவர் அக்கணமே முஸ்லிம். ஆயினும் அந்த ஒரு கணத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய காரியங்கள் பல. அவற்றை அவசரத்தில் முறைமாற்றிச் செய்து, பெற்றோரையும் மனைவி மக்களையும் ஆறாத் துயரில் ஆழ்த்தித் தாமும் சில மாதங்களில் சோர்ந்து நின்றுவிடுவோர் உண்டாதலின், அவற்றைக் கிரமமாக எடுத்துரைப்பது நலமென்று கருதுகிறேன். இறைவன் முன் சொல்லும் சாட்சி, மனிதர்க்குச் செலுத்த வேண்டிய கடன் எதையும் தள்ளுபடி செய்வதில்லை என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

முதலில் வாசிப்பு. குர்ஆனைத் தமிழில் முதன்முதலாக முழுமையும் பெயர்த்தளித்த அப்துல் ஹமீது பாகவி, சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் கற்றுத் தேறியவர். அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்புகளும் எளிதில் கிடைக்கின்றன. நபிகளாரின் வரலாறு ஒன்றையும் கூடவே படித்தல் வேண்டும். இதற்கு ஓராண்டு பிடித்தாலும் நஷ்டமில்லை. திராவிட இயக்க எழுத்தாளராகிய அடியார், 'நான் காதலிக்கும் இஸ்லாம்' என்னும் நூலை முன்னமே எழுதி வெளியிட்டுவிட்டு, அதன் பின்னரே, 1987-இல், அப்துல்லாஹ் அடியார் ஆனார். பச்சையப்பன் கல்லூரியில் தத்துவம் போதித்த பெரியார்தாசன், பெற்றோர் இட்ட பெயரால் திருமலையின் சேஷாசலத்தையே தாங்கியவர். நாத்திகத்திலும் பிறகு பௌத்தத்திலும் நெடுங்காலம் தோய்ந்திருந்துவிட்டு, 2010-இல்தான் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் என்னும் பெயர் பூண்டார். இவ்விருவரும் காட்டிய நிதானம் பின்பற்றத் தக்கது. திருமணம் ஒன்றையே கருதி மதம் மாற நினைப்பவர்க்கு நான் வேறொன்றும் சொல்வேன்: இருவரும் தத்தம் சமயத்திலேயே இருந்துகொண்டு மணம் புரிவதற்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இடமளிக்கிறது, விசுவாசம் இல்லாத நாவால் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பிறர் நிர்ப்பந்தத்தாலோ, பொருளாசையாலோ வரும் மாற்றத்தையும் மார்க்கம் விரும்புவதில்லை. மார்க்கத்தில் வற்புறுத்தல் கூடாதென்பது குர்ஆனின் தெளிந்த கட்டளை.

உள்ளம் உறுதிப்பட்டபின், அருகிலுள்ள பள்ளிவாசலின் இமாமை, அதாவது இப்பக்கத்தார் மரியாதையாக 'ஹஜ்ரத்' என்று விளிக்கும் பெரியவரை, தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் சந்தித்துக் கருத்தைச் சொல்லலாம். அவர் சொல்லிக் கொடுக்க, "அஷ்ஹது அன்லா இலாஹ இல்லல்லாஹ், வ அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ்" என்று, வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வையன்றி வேறொருவனும் இல்லை, முகம்மது நபி அவனுடைய தூதர் என்னும் பொருளை நன்குணர்ந்து சொல்ல வேண்டும். பொருள் விளங்காமல் ஒலியை மட்டும் ஒப்பிப்பது போதாது. தனிமையில் சொன்னாலும் இறைவனிடத்தில் அது செல்லும். எனினும் பிற்காலத்தில் மணம், ஹஜ், அடக்கம் ஆகியவற்றுக்கு ஆதாரம் வேண்டியிருத்தலின், இரு சாட்சிகள் முன்னிலையில் சொல்லி, பள்ளிவாசலைச் சேர்ந்த ஜமாஅத் என்னும் சபையிடமோ, 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின்கீழ் சர்க்காரால் நியமிக்கப்பட்ட காஜி என்னும் சமய அதிகாரியிடமோ எழுத்து மூலமான சான்றிதழ் பெற்றுக்கொள்வது விவேகம். பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லக் கூச்சமுற்றால், ஹஜ்ரத்தின் வீட்டிலேயே அவர் குடும்பத்துப் பெண்களின் துணையுடன் இதைச் செய்துகொள்ளலாம். அதன்பின் உடல் முழுதும் நீர் படும்படி குளித்துத் தூய ஆடை உடுத்த வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனம் பற்றிய அச்சம் பெரிதாக இருப்பதுண்டு. சமயத்தில் நுழைவதற்கு அது நிபந்தனையன்று. வயது வந்தவர் தம் உடல்நிலையை அறிந்து, மருத்துவரிடம், சாவகாசமாகச் செய்துகொள்ளலாம்.

இஸ்லாத்துக்கு முந்திய பாவங்கள் சாட்சி மொழிந்ததனால் நீங்கிவிடுகின்றன என்பது மார்க்க அறிஞர் அனைவரும் ஒப்பிய கருத்து. விட்டுப்போன தொழுகைகளையும் நோன்புகளையும் ஈடுசெய்ய வேண்டுவதில்லை. ஆனால் கடைக்காரர்க்குத் தர வேண்டிய பாக்கியும், தம்பிக்குச் சேர வேண்டிய நிலமும், வஞ்சித்து வாங்கிய பொருளும் அப்படியே நிற்கின்றன. அவற்றைத் திருப்பித் தருவதே புதியவரின் முதல் அனுஷ்டானமாக அமையுமானால் அதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை.

இனித் தொழுகை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கடமையான ரக்அத்துகள், அதாவது நின்று குனிந்து பணியும் சுற்றுகள், வைகறையில் 2, நண்பகலில் 4, மாலையில் 4, சூரியன் மறைந்தவுடன் 3, இரவில் 4, ஆகப் பதினேழு. தொழுமுன் ஒளுச் செய்ய வேண்டும்: மணிக்கட்டு வரை கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்து, முகத்தையும், வலம் முதலாக முழங்கை வரை கரங்களையும் மும்மூன்று முறை கழுவி, ஈரக்கையால் தலையையும் காதுகளையும் தடவி, கணுக்கால் வரை பாதங்களைக் கழுவுவது அதன் முறை. சித்தூர், திருப்பதிப் பகுதியிலிருந்து கஅபாவின் திசை, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 17 முதல் 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. வீட்டில் தொழுபவர் ஒரு முறை திசைகாட்டி கொண்டு இதனை வரையறுத்துத் தரையில் அடையாளம் செய்துகொண்டால் போதும்.

நிற்றல், குனிதல், நிமிர்தல், நெற்றி நிலத்திற் படப் பணிதல், அமர்தல் என்னும் தொழுகையின் நிலைகளைப் புத்தகத்தில் படித்துக் கற்பதினும் கூட்டுத் தொழுகையின் கடைசி வரிசையில் நின்று கற்பது எளிது. முதலில் மனனம் செய்ய வேண்டியது குர்ஆனில் ஏழு வசனங்களைக் கொண்ட 'அல்ஃபாத்திஹா' அத்தியாயம். அடுத்து நான்கே வசனமுள்ள 'இக்லாஸ்'. பிறகு இருப்பில் ஓதும் 'அத்தஹிய்யாத்து'. இவை வாயில் நிலைக்கும்வரை இறைவனைத் துதிக்கும் சிறு சொற்களைக் கொண்டு தொழுதுவர அனுமதி உண்டு. ஓதத் தெரியவில்லையே என்று தொழாமலிருப்பது மட்டும் தவறு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்றுவிட முயன்று களைப்பவரைக் காட்டிலும், கடமையான பதினேழை மட்டும் விடாது பற்றிக்கொண்டு, உபரியானவற்றைக் காலப்போக்கில் சேர்த்துக்கொள்பவரே நிலைத்து நிற்கக் காண்கிறோம்.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டை இங்குக் குறிக்க வேண்டும். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்த நாடு இது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1782 டிசம்பர் 7-இல் பாசறையில் உயிர் நீத்ததும் சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டையில்தான். அந்தப் பழைய தொடர்பால் இங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் உருது பேசுவோர். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் உருதுவில் நிகழ, அரபு எழுத்துப் பாடமும் உருது விளக்கத்தோடு நடக்கும். தமிழ் மட்டும் அறிந்தவர், அன்னியராய் ஓரத்தில் நிற்பதாக உணர்ந்து மனம் வாடுவதுண்டு. வாடற்க. 'நமாஸ்' என்றால் தொழுகை, 'ரோஜா' என்றால் நோன்பு என்று பத்து இருபது சொற்கள் பழகிவிட்டால் பள்ளிவாசலில் பேச்சுக்குக் குறைவிராது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், மேல்விஷாரம் முதலிய ஊர்களில் தமிழில் போதிக்கவல்ல ஆலிம்களாகிய மார்க்க அறிஞர் உளர். மாதம் ஒருமுறை பேருந்தேறிச் சென்று ஐயங்களைக் கேட்டு வரலாம். மார்க்கச் சட்ட வழிகளுள் இங்குள்ளோர் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். தமிழகக் கடற்கரை ஊரார் பலர் ஷாஃபி வழியினர். கை கட்டும் இடம், ஆமீன் சொல்லும் குரல், மாலைத் தொழுகையின் நேரம் முதலியவற்றில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு, இரண்டும் நேர்வழியே. புதியவர் தாம் தொழும் பள்ளிவாசலின் வழக்கத்தை ஒட்டி நடப்பதே உசிதம். இந்தத் தர்க்கங்களில் தொடக்கத்திலேயே தலையிடுவது அவருடைய சிரத்தையைக் கெடுக்கும்.

ரமலான் நோன்பு, வரும் முதல் ரமலானிலிருந்து தொடங்கும். நடு மாதத்தில் முஸ்லிமானவர் எஞ்சிய நாட்களை மட்டும் நோற்பர். 87.48 கிராம் பொன், அல்லது 612.36 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையாத செல்வம் கடன் போக ஓராண்டுக் காலம் கையிலிருந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் என்னும் கட்டாய தானம் தர வேண்டும். ஹஜ், வசதியுள்ளவர்க்கு வாழ்வில் ஒருமுறை.

இவை அனைத்தினும் அருமையானது வீட்டில் நடந்துகொள்ளும் முறை. ஏழுமலையானையே குலதெய்வமாகக் கொண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து, பிள்ளைகளின் முதல் முடியை மலையில் இறக்கிய குடும்பங்களில் பிறந்தவருக்கு இம்மாற்றம் எளிதன்று. அதனைக் கேட்டுப் பொறுக்க வேண்டிய தாய்க்கு அதனினும் எளிதன்று. எனவே செய்தியைப் பிறர் வாய்மொழியாக அவர் கேள்வியுறுமாறு விடாமல், தாமே அமர்ந்து, தாழ்ந்த குரலில், தம் அன்பு குறையவில்லை என்பதைச் செயலால் காட்டிய பிறகு சொல்லுதல் வேண்டும். இறைவனுக்கு இணையாக வேறொன்றை வைத்து வணங்கும்படி பெற்றோர் வற்புறுத்தினாலும், அதற்கு மட்டும் இணங்காமல், உலக வாழ்வில் அவர்களோடு நல்லமுறையில் உறவாடுக என்பதே குர்ஆன் காட்டும் நெறி. நபிகளாரின் தோழர் அபூபக்கரின் மகளார் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தம் தாய் தேடி வந்தபோது என் செய்வதென்று நபிகளாரைக் கேட்க, உறவைப் பேணுமாறே அவர் விடையளித்தார். தாயின் பூசையறைப் படங்களில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை. மலைக்குச் செல்லும் வயதான தாயின் பையைச் சுமந்து மலையடிவாரத்து அலிபிரி வரை சென்று அவரைப் பேருந்தில் ஏற்றிவிடுவது தாய்க்குச் செய்யும் பணிவிடை. சன்னிதியில் வணங்குவதொன்றே மகனால் இயலாதது என்பது என் துணிபு. பிரசாதத்தை மறுக்க நேர்ந்தால், முகம் சுளியாமல், இரு கையாலும் வாங்கி வீட்டிலுள்ள மற்றவர்க்குக் கொடுத்துவிடலாம்.

மணமானவர் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டும். இந்து முறைப்படி செய்த மணம், ஒருவர் மதம் மாறியதனால் நாட்டுச் சட்டத்தில் தானே அற்றுப்போவதில்லை. மாறாதவர்க்கு விவாகரத்துக் கோரும் உரிமையை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தருகிறது, அவ்வளவே. முதல் மனைவி இருக்க, இஸ்லாத்தில் நுழைந்ததைக் காரணங்காட்டி மறுமணம் செய்வது குற்றமென்று உச்சநீதிமன்றம் 1995-இல் சரளா முத்கல் வழக்கில் தீர்த்துரைத்தது. மார்க்கச் சட்டமோ, இஸ்லாத்தை ஏற்காத துணையோடு தொடரும் இல்வாழ்க்கைக்குத் தனி விதிகளை வகுத்துள்ளது. ஆகையால் ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் முன்கூட்டியே கலந்துகொண்டு, மனைவிக்கும் மக்களுக்கும் அநீதி நேராத வழியைத் தேடுவது இன்றியமையாதது.

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை அளிக்கிறது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் உள்ளதுபோல் மாவட்ட அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டுமென்னும் சட்டம் ஆந்திரத்தில் இல்லை. ஆயினும் திருமலை முதலான தலங்களில் பிற சமயப் பிரசாரத்தை மாநில அரசு 2007-இல் தடை செய்திருக்கிறது. புதிய உற்சாகத்தில் யாத்திரிகர்களிடம் துண்டுப் பிரசுரம் நீட்டுவது சட்டத்துக்கும் விரோதம், நாகரிகத்துக்கும் விரோதம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் பணிபுரிவோர் தம் ஜீவனத்தை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். இந்து அல்லாத ஊழியர்களைப் பிற துறைகளுக்கு மாற்றவோ விருப்ப ஓய்வில் அனுப்பவோ அதன் அறங்காவலர் குழு 2024 நவம்பரில் தீர்மானித்தது. பட்டியல் சாதியினர்க்கு இழப்பு இன்னும் பெரிது: 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் செய்த திருத்தங்களுக்குப் பிறகும், இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே அப்பட்டியலில் ஏற்கிறது. சித்தூர், திருப்பதி ஆகிய இரு மக்களவைத் தொகுதிகளும் பட்டியல் சாதியினர்க்கே ஒதுக்கப்பட்டவை. கல்வியிலும் உத்தியோகத்திலும் உள்ள ஒதுக்கீட்டோடு அங்கு வேட்பாளராகும் உரிமையும் போய்விடும். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரம் என்னும் தென் தமிழகச் சிற்றூரின் பட்டியல் சாதி மக்கள் இஸ்லாத்தை ஏற்றபோது, தீண்டாமையின் கொடுமை இந்த இழப்பினும் பெரிதென்று கண்டே அவ்வழி சென்றனர். சமயம் மாறியதை மறைத்துப் பழைய சான்றிதழால் பயன்பெறுவது பொய்; சாட்சி சொன்ன நாவுக்கு அது பொருந்தாது. பெற்றோரின் ஆஸ்தியில் மதம் மாறியவரின் பங்கு பறிபோவதில்லை. ஆனால் மாற்றத்துக்குப் பின் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, வாரிசுரிமை எழும்போது தாமும் இந்துவாக இருந்தாலன்றி, இந்துவாகிய உறவினரின் சொத்தை அடைய முடியாது.

பெயரை மாற்றுவது கட்டாயமில்லை. பிற தெய்வத்துக்கு அடிமை என்னும் கருத்தில்லாத நல்ல தமிழ்ப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாற்ற விரும்பினால் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், செய்தித்தாள் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என்னும் வரிசையில் முடித்து, அதன் பிறகே ஆதாரையும் மற்றத் தஸ்தாவேஜுகளையும் திருத்த வேண்டும். பழைய பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்போரிடம் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்கையில் இஸ்லாத்தை ஏற்றதற்குரிய சான்றிதழைக் கேட்பது வழக்கம்.

கடைசியாக, தாம் வசிக்கும் தெருவின் ஜமாஅத்தில் பெயர் பதிந்து, மாதச் சந்தாவைத் தவறாது செலுத்திவர வேண்டும்; இறந்தபின் அடக்கத்துக்கு முன்வருவது அந்த ஜமாஅத்தே. 1999-இல் இஸ்லாத்தை ஏற்ற மலையாள எழுத்தாளர் கமலா சுரையா 2009-இல் மறைந்தபோது, அவர் உடலை அவருடைய புதல்வர்கள் திருவனந்தபுரம் பாளையம் ஜும்ஆ பள்ளிவாசலில் அடக்கம் செய்ய இசைந்து நின்றனர். எல்லோர்க்கும் அத்தகைய பிள்ளைகள் வாய்ப்பதில்லை. எரிப்பதா, புதைப்பதா என்று துக்க வீட்டில் தகராறு மூள்வது இரு தரப்பினர்க்கும் பெருங்கொடுமை. எனவே தம் அடக்கம் எம்முறையில் நடக்க வேண்டுமென்பதையும், அதுவரை உறவினர் தம் சடங்குப்படி வந்து முகம் பார்க்கவும் அழவும் தடையிருக்கலாகாது என்பதையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிச் சாட்சிகளோடு கையொப்பமிட்டு, பள்ளிவாசலின் நிர்வாகியாகிய முத்தவல்லியிடம் ஒரு பிரதியும், உடன்பிறந்தாருள் நம்பத்தக்க ஒருவரிடம் ஒரு பிரதியும் இப்போதே கொடுத்து வைத்தல் வேண்டும்.