பேக் வேண்டாம், பட்டியல் கொடுங்கள்

எங்கள் தெருவில் கேபிள் பணம் வாங்க வரும் தம்பியிடம் சேனல் பட்டியல் கேட்டால், "அதெல்லாம் எதுக்குக்கா, தனித்தனியா எடுத்தா கூட வரும். பேக்கே இருக்கட்டும்" என்பார். சீர்காழியில் பெரும்பாலான வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில், வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்து வந்தேன். மாமியாருக்கு ராத்திரி சீரியல், பிள்ளைகளுக்குப் படம், வீட்டுக்காரருக்குச் செய்தி. காசு கொடுத்துப் பார்க்கும் சேனல் மூன்றைத் தாண்டவில்லை. செய்திக்குத் தனிக் காசே கிடையாது. தந்தி டிவி, புதிய தலைமுறை எல்லாம் இலவசச் சேனல்கள். 2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே, கரண்ட் வந்ததும் ஊரே தேடியது அவற்றைத்தான்.

இனி கணக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேனல் கட்டண விதி 2019 பிப்ரவரியில் அமலானபோது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். சன் டிவி 19, கேடிவி 19, விஜய் டிவி 17. ஆக 185, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 218 ரூபாய் 30 காசு. இன்று விலைகள் மாறிவிட்டன, 2024 முதல் அடிப்படைக் கட்டணத்துக்கு உச்சவரம்பும் இல்லை. ஆனாலும் இப்படித்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தம்பி சொல்வது முழுப் பொய்யும் அல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு, மூன்று சேனல் வேண்டுமென்றால் பேக் மலிவாகவே இருக்கலாம். பேக்குக்குத் தரும் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் டிராய் முதலில் விதித்தது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த வரம்பு அடிபட்டுப் போனது. 45 சதவீதம் என்ற வரம்பு 2022-ல்தான் வந்தது. தனி விலையை ஏற்றி வைத்துப் பேக்கைத் தள்ளிவிடும் பழக்கம் அதற்குள் ஊறிவிட்டது. சொத்தைக் கத்தரிக்காயையும் சேர்த்துக் கூறு கட்டி விற்கிற வியாபாரம்தான், வேறென்ன.

ஆனால் பாதிப் பொறுப்பு நம் தலையில். 2019-ல் வேண்டிய சேனல்களின் பட்டியலைக் கொடுக்காத வீடுகளுக்குப் பொருத்தமான பேக் ஒன்றை ஆபரேட்டரே போடலாம் என்று டிராய் சொல்லிவிட்டது. வாய் திறக்காத வீட்டுக்கு அவர் போட்டதுதான் பேக். அதிலுள்ள ஒவ்வொரு கட்டணச் சேனலும், நாம் ஒரு நிமிடம்கூடப் பார்க்காவிட்டாலும், நம் வீட்டைத் தன் சந்தாக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

ரிமோட்டில் சேனல் கைடைத் திறந்தால் ஒவ்வொரு சேனலின் விலையும் தெரிய வேண்டும். தனி விலை ஒரு பக்கம், பேக் விலை ஒரு பக்கம் எழுதிக் கூட்டுங்கள். எது குறைவோ அதைக் கேளுங்கள். வேண்டிய சேனல்களை எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் முதலில் ஆபரேட்டரிடம் புகார் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.