எல்லோருக்கும் இடமளிக்கும் தொழிற்கூடம்: விருத்தாசலம் தரும் பாடம்

கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழிலும் அதற்குப் புகழ் சேர்த்துள்ளது. பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை முதலியவற்றைச் செய்யும் சிறு கூடங்கள் அங்கே வளர்ந்தன. இத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அவ்வூரில் உண்டு. மழை பொய்த்த காலத்தில் உழவர் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை இத்தகைய தொழில்களே. ஆகவே, தொழிற்கூடத்தினுள் நம் ஊர் மக்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பது பஞ்சாயத்தின் கவலையும் ஆகும்.

முதலில் தொழிலின் முறையைக் காண்போம். களிமண்ணை அரைத்து, நீரில் கலந்து, குழம்பாக்கிச் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் உட்புறத்தில் படிந்து இறுகும். அதனை எடுத்து, விளிம்பைச் சீவி, உலர்த்திச் சூளையில் அடுக்குவர். சூளையின் வெப்பம் 1000 செல்சியஸ் பாகையையும் கடக்கும். ஈரமோ விரிசலோ உள்ள பொருள் அங்கே பிளந்துபோகும்.

மயிரிழை போன்ற விரிசலை முதலில் காண்பவர் மேலாளர் அல்லர். விளிம்பைச் சீவும் தொழிலாளியே. அவர் "இது தேறாது" என்று சொல்லத் துணிந்தால், அம்மண்ணை மீண்டும் நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். அவர் அஞ்சி வாய்மூடினால், பொருளும் எரிபொருளும் உழைப்பும் ஒருங்கே வீணாகும். சுட்ட மண் மீண்டும் களியாகாது.

தொழிலாளி ஏன் வாய்மூடுகிறார்? தனிக் குவளையில் தண்ணீர் பெறுபவர், ஒரே வேலைக்குக் குறைந்த கூலி பெறும் பெண், உடற்குறையைச் சுட்டி ஏளனம் செய்யப்படுபவர் ஆகியோர் தம் சொல் ஏற்கப்படும் என்று நம்புவதில்லை. இழிவு செய்யப்பட்ட இடத்தில் அறிவுரை கூற எவரும் முன்வரார்.

இவ்விழிவுகளுக்குச் சட்டம் இடம் தரவில்லை. அரசியலமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை 1976-ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கினர். 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதனை ஏற்றுள்ளது. பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதனினும் சிறிய கூடத்தில் பணிபுரியும் பெண், மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சிறு கூடங்கள் மிகுந்த ஊர்களில் இச்செய்தியைப் பரப்புவது அவசியம்.

எனினும், சட்டத்தை நடைமுறையாக்குவது நாள்தோறும் பழகும் பழக்கமே. எல்லோருக்கும் ஒரே குடிநீர், பெண்களுக்குத் தாழிடக்கூடிய கழிவறை, யாவரும் காணும்படி எழுதிய கூலி விவரம் ஆகியவை முதற்படி. சூளை அடுக்குதல், வெப்பம் கணித்தல் போன்ற கூடுதல் கூலி தரும் வேலைகளைப் பெண்களுக்கும் கற்பித்தல் அடுத்த படி. பீங்கான் மண்ணிலுள்ள சிலிகாத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தரை துடைப்பவரும் அதனைச் சுவாசிக்கிறார். ஆதலால் உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் செய்வதும் அவரை மதிப்பதேயாகும்.

"சிறு கூடத்தால் இத்தனை செலவைத் தாங்க இயலுமா?" என்று சிலர் வினவலாம். கழிவறைக்குப் பணம் வேண்டும், உண்மை. ஆனால் ஒருவர் சொல்லைச் செவிமடுக்கப் பணம் வேண்டுவதில்லை. பழகிய கைகள் மனம் நொந்து வெளியேறினால், புதியவர்க்குப் பயிற்சி அளிக்கும் வரையில் நேரும் சேதத்தையும் கணக்கிட வேண்டும்.

பஞ்சாயத்தும் ஒரு பணியிடமே. தூய்மைப் பணியாளரும் நீர்த்தொட்டி இயக்குபவரும் அதன் ஊழியர். உழவரும் நடவுக்கும் களைக்கும் ஆள் அமர்த்துவோரே. பிறர் கூடத்தைத் திருத்துமுன் நம் வாசலைப் பார்ப்பது முறை. கிராம சபையில் பின்வரும் வினாக்களை ஆராய்க:

1. தூய்மைப் பணியாளர்க்கு நம் அலுவலகத்தில் அமர இருக்கையும், பிறர் அருந்தும் அதே குவளையும் உண்டா?

2. ஒரே வயலில் ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஒன்றா?

3. குறை கண்ட ஊழியர், அச்சமின்றி அதனை யாரிடம் சொல்லலாம்? அவர் பெயர் எல்லோருக்கும் தெரியுமா?